டப்பாவில் எழுதாத கணக்கு

(தோட்டக் கிளைச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சம்பள உயர்வைப் பற்றிப் பேசுவார்கள், போனஸைப் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், நம் வீட்டுக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பவுடர் டப்பாவும் முகக் கிரீமும். சங்க மேடையில் பவுடர் பேச்சா என்று முன்வரிசையில் ஒரு தோழர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் அவரும் அந்த டப்பாவைத் திருப்பிப் பார்ப்பார் என்ற நம்பிக்கை நமக்கு உண்டு.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறோம். அது நம் தோட்டத்தில் நடந்தது. அதில் ஆபீஸ் கிராணிகளாகிய எங்களுக்கும் பங்குண்டு.

சில வருஷங்களுக்கு முன் சம்பள நாளன்று ஒரு வேன் வந்து லயத்துப் பக்கம் நின்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிறு சிறு டப்பாக்களில் முகத்துக்குப் பூசும் கிரீம். மூடியில் ஒரு ரோஜாப்பூப் படம். ஒரே மாதத்தில் முகம் வெளுக்கும் என்றார்கள். விலை முப்பத்தைந்து வெள்ளி. கையில் பணம் இல்லாதவர்கள் இரண்டு தவணையாகக் கொடுக்கலாம் என்றார்கள். பெயர் எழுத ஆள் வேண்டுமே! "கிராணி ஐயா, நீங்க எழுதிக் குடுங்க" என்றார்கள் பெண்கள். எழுதுவதுதானே எங்கள் தொழில்? ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டோம். பெயர், தேதி, எத்தனை டப்பா, கொடுத்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு எல்லாம் எழுதினோம். பத்தொன்பது பெயர்கள். ஒரு காசு தவறவில்லை. அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க மட்டும் எங்களுக்குத் தோன்றவில்லை. அதற்கென்று ஒரு பத்தி நாங்கள் கீறவே இல்லை.

நாலாவது மாதம், நம் மேற்குப் பிரிவில் மரம் சீவும் ஒரு தங்கைக்குக் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. காலையில் எழுந்தால் கண் திறக்க முடியவில்லை. தண்ணீர் போனால் நுரை நுரையாய்ப் போனது. காற்றுக் கருப்பு என்றார் ஒருவர். கோயிலுக்கு நேர்ந்துகொள் என்றார் இன்னொருவர். கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் இரத்தம் பார்த்தார், சிறுநீர் பார்த்தார். அதற்குப் பிறகு கேட்டார்: "முகத்துக்கு என்னம்மா போடுறீங்க?"

அந்தத் தங்கையின் கணவர் எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. "ஐயா, மொகத்துல போடுற கிரீம்னால கிட்னி கெடுமாய்யா?" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பத்தொன்பது வீட்டுக்கும் ஏறி இறங்கினோம். பெரும்பாலோர் காலி டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். நாலு டப்பாக்கள் மிஞ்சின. அவற்றைச் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்க அதிகாரிகளிடம் சேர்த்தோம். பரிசோதனையில் பாதரசம் இருப்பதாகத் தெரிந்தது. வெப்பமானிக் குழாயில் ஒரு காலத்தில் மின்னியதே, அதே பாதரசம்!

கிரீமை நிறுத்தி, மருந்து சாப்பிட்டு, பல மாதங்களில் அந்தத் தங்கை தேறினார். ஆனால் மரம் சீவாத நாளுக்குச் சம்பளம் ஏது? நஷ்ட ஈடு கேட்கலாம் என்று போனால் யாரிடம் கேட்பது? டப்பாவில் தயாரித்தவர் பெயர் இல்லை, விலாசம் இல்லை, வாங்கியதற்கு ரசீது இல்லை. வேன்காரர் கொடுத்த தொலைபேசி எண் உயிரற்றுக் கிடந்தது. பாதரசம் போனது நம் தங்கையின் உடம்பில். பணம் போனது முகம் தெரியாத ஒருவர் பையில்.

இதைச் சொல்லலாமா என்று அந்தத் தங்கையிடமே கேட்டோம். பெயர் வேண்டாம் என்றார். "சொல்லுங்கண்ணே, இன்னொருத்தி கால் வீங்க வேண்டாம்" என்றும் சொன்னார். அந்த வார்த்தைதான் எங்களை இந்த மேடையில் ஏற்றியது.

தோழர்களே! இந்த அவமானத்துக்குப் பிறகு, உலகத்தில் மற்றவர்கள் இப்படிப்பட்ட அநியாயத்தை எப்படி எதிர்த்தார்கள் என்று தேடிப் படித்தோம். படித்ததில் முக்கியமானது அமெரிக்காவின் பவுடர் வழக்கு. அதைச் சொல்லுமுன் நம் பால் கொட்டகைக்கு ஒரு நிமிஷம் வாருங்கள்.

வாளி நிறையப் பால் கொண்டு வருகிறீர்கள். எடை பார்க்கிறோம். மெட்ரோலாக்கைப் பாலில் விட்டு எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று பார்த்து ஓர் எண்ணை எழுதுகிறோம். மரம் சீவியது நீங்கள், சுமந்தது நீங்கள். ஆனால் உங்கள் கூலியைத் தீர்மானிக்கும் எண் எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அதனால்தான், "என் கண் முன்னால் நிறு; எழுதியதைக் காட்டு" என்று கேட்கும் தைரியத்தைச் சங்கம் தொழிலாளிக்குக் கொடுத்தது. கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர் கைதான் ஓங்கும். அதைத் திறக்க வைப்பவர்தான் நியாயம் பெறுவார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு வாருங்கள்.

ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியின் குழந்தைப் பவுடரை அறியாதவர் நம்மில் யாரும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் விற்பனைக்கு வந்த சரக்கு அது. தொட்டிலில் கிடந்த நம் எல்லோர் மேலும் ஏதோ ஒரு பவுடர் பூசப்பட்டிருக்கிறது. அந்தப் பவுடர் எதனால் ஆனது? டால்க் என்ற மிருதுவான கல்லைப் பூமியிலிருந்து வெட்டியெடுத்து மாவாக்கியது. இந்தக் கல் கிடைக்கும் இடங்களில் சில சமயம் பக்கத்திலேயே அஸ்பெஸ்டாஸும் படிந்திருக்கும். பழைய கூரைத் தகடுகளில் இருந்ததே, அந்தக் கல்நார்தான். அதன் நுண்ணிய நார் மூச்சில் போனால் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோய் வரும். நுரையீரலின் மேலுறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்குப் பெரும்பாலும் அஸ்பெஸ்டாஸே காரணம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டப்பாவின் பின்புறத்தில் என்னென்ன சேர்த்தார்கள் என்று எழுதியிருக்கும். டால்க், வாசனை, இப்படி. அஸ்பெஸ்டாஸை யாரும் வேண்டுமென்று சேர்ப்பதில்லை. அது கல்லோடு கல்லாய் வருவது. சேர்க்காத பொருளை டப்பாவில் எழுத வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்கும் அந்த டப்பா உண்மையைச் சொல்லாது. அரிசியில் கல் இருந்தால் பல்லில் கடிபடும். இந்தக் கல் எதிலும் படாது. அது கம்பெனியின் பரிசோதனைச் சாலைக் குறிப்பில் மட்டுமே தெரியும். அந்தக் குறிப்பு கம்பெனியின் பெட்டியில் பூட்டிக் கிடக்கும்.

டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு பெண்மணிக்கு 1990-களில் மீசோதீலியோமா வந்தது. அஸ்பெஸ்டாஸ் வேலை எதுவும் பார்த்தவரல்லர். குழந்தைப் பவுடர்தான் காரணமாக இருக்குமோ என்று வழக்குப் போட்டார். பரிசோதனைக் குறிப்புகளைக் காட்டுங்கள் என்று அவருடைய வக்கீல் கேட்டார். கம்பெனி மறுத்தது. சாட்சியம் கைக்கு வராததால் 1999-ல் வழக்கைக் கைவிட நேர்ந்தது. புத்தகம் திறக்கவில்லை, நியாயமும் பிறக்கவில்லை. அந்த அம்மையார் பின்னர் அந்த நோயிலேயே இறந்துபோனார்.

பிறகு தெற்கு டகோட்டா மாநிலத்தில், கருப்பை அருகிலுள்ள சினைப்பையில் புற்றுநோய் கண்ட ஒரு பெண்மணி வழக்காடினார். 2013-ல் தீர்ப்பு வந்தது. கம்பெனி எச்சரிக்கத் தவறியது உண்மை என்று ஜூரிகள் சொன்னார்கள். ஆனால் நஷ்ட ஈடாக ஒரு காசும் கொடுக்கச் சொல்லவில்லை! பணத்தை வாங்கிக்கொண்டு வெளியில் பேசாமல் இருந்துவிடும்படி வந்த சமரசத்தை அவர் முன்பே மறுத்திருந்தார். பணம் கிடைக்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்கு ஒரு வழி திறந்தது. அவரைப் பார்த்து நூறு பேர், ஆயிரம் பேர் என்று வந்தார்கள். காலப்போக்கில் 60,000-க்கும் மேற்பட்டோர் வழக்காளிகளானார்கள்.

அமெரிக்கச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. வழக்கு விசாரணைக்கு முன்பே ஒரு தரப்பு மற்றத் தரப்பைப் பார்த்து, "இந்த விஷயம் சம்பந்தமான கடிதங்கள், குறிப்புகள், பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் கொடு" என்று கேட்கலாம். நீதிபதி உத்தரவிட்டால் கொடுத்தே தீர வேண்டும். ஒரு பெண் கேட்டபோது திறக்காத பெட்டி, ஆயிரம் பேர் கேட்டபோது திறந்தது. பழைய காகிதங்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தன.

அவற்றைப் படித்து, 2018-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ராய்ட்டர் செய்தி நிறுவனம் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. 1971-லிருந்து 2000-களின் தொடக்கம் வரையில், கம்பெனியின் டால்க்கிலும் சில சமயம் விற்பனைப் பவுடரிலும் சிறிய அளவில் அஸ்பெஸ்டாஸ் இருப்பதாகச் சில பரிசோதனைகள் காட்டின. கம்பெனிக்கு அது தெரியும். அரசாங்கத்துக்கும் பொதுமக்களுக்கும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். 1972-க்கும் 1975-க்கும் இடையில் மூன்று வெவ்வேறு பரிசோதனைச் சாலைகள் அஸ்பெஸ்டாஸைக் கண்டிருந்தும், அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகத்திடம் அதைத் தெரிவிக்கவில்லை என்றும் அது எழுதியது.

அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1976-ல் முகப்பூச்சுத் தயாரிப்பாளர்களின் சங்கமே ஒரு பரிசோதனை முறையை வகுத்துக்கொண்டது. அரசாங்கம் அதை நம்பிப் பேசாமல் இருந்துவிட்டது. மாணவனே கேள்வித்தாளைத் தயாரித்து, மாணவனே விடை திருத்தினால் யார் தோற்பார்கள்? முகப்பூச்சுச் சரக்கு ஆபத்தானது என்று தெரிந்தாலும் திரும்பப் பெறும்படி கட்டளையிடும் அதிகாரம்கூட அந்த நிர்வாகத்துக்கு 2022-ம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இல்லை.

கம்பெனியின் வாதத்தையும் சொல்லிவிடுவோம். ஒரு தரப்பை மட்டும் சொல்வது சங்கத்துக்கு அழகல்ல. எங்கள் பவுடரில் அஸ்பெஸ்டாஸ் இல்லை, அது புற்றுநோய் உண்டாக்காது என்பதே கம்பெனி இன்றுவரை சொல்வது. விஞ்ஞானிகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2020-ல் இரண்டரை லட்சம் பெண்களைப் பற்றிய கணக்குகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, பவுடருக்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் உறுதியான தொடர்பு காணவில்லை. ஆனால் 2024-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு டால்க்கை "புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்பதற்கு வலுவான காரணமுள்ளது" என்ற வகுப்பில் சேர்த்தது. அஸ்பெஸ்டாஸ் கலந்த டால்க்கைப் பற்றியோ சந்தேகமே இல்லை. அது புற்றுநோய்ப் பொருள்தான். நம் கேள்வி வேறு. சந்தேகம் எழுந்தபோது, பூசிக்கொள்கிறவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? பூசுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை உடம்புக்குச் சொந்தக்காரருடையதா, சரக்குக்குச் சொந்தக்காரருடையதா?

2018 ஜூலையில் செயிண்ட் லூயி நகரத்து ஜூரிகள் 22 பெண்களின் வழக்கில் 469 கோடி டாலர் கொடுக்கும்படி தீர்ப்புச் சொன்னார்கள். அந்த 22 பேரில் ஆறு பேர் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. மேல்கோர்ட்டு 2020-ல் அந்தத் தொகையைச் சுமார் 212 கோடியாகக் குறைத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் கம்பெனியின் அப்பீலை ஏற்க மறுத்துவிட்டது. பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. எல்லா வழக்கும் இப்படி முடிந்ததென்று எண்ண வேண்டாம். ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. ஜெயித்த தீர்ப்பு மேல்கோர்ட்டில் கவிழ்ந்ததும் உண்டு.

இதற்கிடையில் கம்பெனி ஒரு வித்தை செய்தது. 2021 அக்டோபரில், பவுடர் வழக்குகளின் பொறுப்பையெல்லாம் ஒரு புதுக் கம்பெனியின் தலையில் கட்டி, அந்தப் புதுக் கம்பெனி திவால் என்று கோர்ட்டில் மனுப்போட்டது. துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டிருக்கிறீர்களா? நம் பாட்டன்மார்களைக் கேளுங்கள். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டு முதலாளிமார் போனபோது, வேலையும் வீடும் இழந்து நடுத்தெருவில் நின்றவர்கள் நம்மவர்கள். அந்த வேதனையில்தான் 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறு பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்க வழி செய்தார். துண்டாக்கினால் பொறுப்பு கரைந்துவிடும் என்பது முதலாளிகளின் பழைய பாடம். அமெரிக்காவில் அந்தப் பாடம் செல்லவில்லை. உண்மையில் பண நெருக்கடியில் இல்லாதவர் திவால் சட்டத்துக்குள் ஒளிய முடியாது என்று 2023 ஜனவரியில் மேல்கோர்ட்டு சொல்லிவிட்டது. இரண்டாம் முறை முயன்றார்கள். அதே வருஷம் தள்ளுபடி ஆயிற்று. மூன்றாம் முறை முயன்றார்கள்; 2025 மார்ச்சில் ஹியூஸ்டன் நகரத்து நீதிபதி அதையும் நிராகரித்தார்.

இத்தனைக்கும் பலன் என்ன? 2019-ல் ஒரு டப்பாவில் அஸ்பெஸ்டாஸ் சுவடு இருப்பதாக அரசாங்கப் பரிசோதனை காட்டியதும் சுமார் 33,000 டப்பாக்கள் திரும்பப் பெறப்பட்டன. 2020-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க் பவுடர் விற்பனையை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. 2023-ல் உலகம் முழுவதும் நிறுத்தி, சோள மாவுப் பவுடருக்கு மாறிற்று. பாதுகாப்பில் குறையில்லை, வியாபாரக் காரணத்துக்காக மாறினோம் என்றது கம்பெனி. எதற்காகவோ மாறட்டும்! தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு அது போதும்.

இன்னொரு வழக்கையும் சுருக்கமாகச் சொல்கிறோம். இதைத் தொடங்கி வைத்தவர்கள் நம்மைப்போன்ற தொழிலாளிகள். 2010-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்துச் சிகை அலங்காரக் கடைகளில், சுருட்டை முடியை நேராக்கும் ஒரு மருந்தைப் பூசிய பெண்களுக்குக் கண் எரிந்தது, மூச்சு அடைத்தது, மூக்கில் இரத்தம் வந்தது. அந்த மருந்தின் பெயர் பிரேசிலியன் புளோஅவுட். "பார்மால்டிஹைடு இல்லாதது" என்று அதன் மேல் எழுதியிருந்தது. பார்மால்டிஹைடு என்பது பிணத்தைக் கெடாமல் வைக்கும் பார்மலினில் உள்ள பொருள், புற்றுநோய்ப் பொருள். கடைப்பெண்கள் எழுத்தை நம்பவில்லை, தங்கள் மூக்கை நம்பினார்கள். ஒரிகன் மாநிலத்துத் தொழில் பாதுகாப்பு நிலையத்தில் முறையிட்டார்கள். பரிசோதித்தால் பார்மால்டிஹைடு ஏராளம்! கலிபோர்னியா அரசாங்கம் வழக்குத் தொடர்ந்தது. 2012-ல் கம்பெனி ஆறு லட்சம் டாலர் கட்டவும், "இல்லாதது" என்ற பொய்யை நிறுத்தவும், எச்சரிக்கை எழுதவும் ஒப்புக்கொண்டது. வேலை செய்கிறவரின் கண்ணெரிச்சலும் ஒரு சாட்சியம்தான், தோழர்களே!

இப்போது நம் வீட்டுக்குத் திரும்புவோம்.

மருந்தடித்த நம் தாய்மார்களுக்கு பேராக்குவாட் டின்னை நினைவிருக்கும். நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது. நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் அது முழுதாகத் தடை செய்யப்பட்டது. அந்த டின்னில் விஷம் என்றாவது எழுதியிருந்தது. முகக் கிரீம் டப்பாவில் இருப்பதோ ரோஜாப்பூ! பாலில் ஊற்றும் அமிலத்தின் பெயரும் அளவும் நமக்குத் தெரியும். பெற்ற பிள்ளையின் மேல் பூசுவதன் பெயர் தெரிய வேண்டாமா?

பாதரசத்தை ஏன் கலக்கிறார்கள்? தோலுக்கு நிறம் கொடுக்கும் பொருளை உடம்பு உண்டாக்க விடாமல் அது தடுக்கும். அதனால் முகம் சீக்கிரம் வெளுக்கும். ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும், நரம்பையும் கெடுக்கும். பூசியவரை மட்டுமல்ல, கன்னத்தோடு கன்னம் வைக்கும் பிள்ளையையும் தொடும். மலேசியாவில் முகப்பூச்சில் பாதரசம் கலப்பது சட்டவிரோதம். 2013-ல் ஏற்பட்ட மினமாத்தா உடன்படிக்கையின்படி உலக நாடுகளும் அதை ஒழிக்க ஒப்புக்கொண்டிருக்கின்றன. அப்படியிருந்தும் நம் சுகாதார அமைச்சு பாதரசம் கலந்த கிரீம்களின் பெயர்களைத் திரும்பத் திரும்ப வெளியிட்டு எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளைத்தோல் ஆசை பிடித்ததனால் வந்த வினை என்று பெண்களைத் திட்டுவதற்கு நாம் வரவில்லை. வெயிலில் உழைத்துக் கறுத்த முகத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் யார்? பெண் பார்க்க வந்து நிறம் கேட்டவர்கள் யார்? அந்தக் கணக்கில் ஆண்களாகிய நம் பெயரும் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் கை கொடுக்குமா? கொடுக்கும், கேட்கத் தெரிந்தால். 1999-ம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் சரக்குப் பொறுப்பு என்று ஒரு பகுதி உண்டு. குறையுள்ள சரக்கினால் உடம்புக்குக் கேடு வந்தால், தயாரித்தவரும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தவரும் பொறுப்பாளிகள். அவர்கள் அஜாக்கிரதையாக இருந்தார்கள் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. சரக்கில் குறை, அதனால் கேடு, இவ்விரண்டையும் காட்டினால் போதும். விற்றவரிடம், உனக்குக் கொடுத்தவர் யார் என்று கேட்டு, நியாயமான காலத்துக்குள் அவர் சொல்லாவிட்டால், அவரே பொறுப்பாளியாகிறார்.

பயனீட்டாளர் நடுவர் மன்றம் என்று ஒன்று உண்டு. மனுப்போட ஐந்து வெள்ளி. வக்கீல் வேண்டாம். மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கையைக் கேட்கும். ஆனால் அது சரக்குக்குக் கொடுத்த பணம் போன்ற நஷ்டத்துக்கு. உடம்புக்கு வந்த கேட்டுக்கு அங்கே தீர்ப்புக் கிடையாது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அது நீண்ட வழி. தனி ஆள் நடந்தால் கால் ஓயும். அதனால்தான் சங்கம் கூட நடக்க வேண்டும் என்கிறோம்.

எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்கப்போவது ஒன்றே: சாட்சியம் எங்கே? அமெரிக்கப் பெண்களுக்குக் கம்பெனியின் புத்தகம் திறந்தது. நம் வேன்காரருக்குப் புத்தகமே இல்லை. ஆகையால் நம் புத்தகத்தை நாமே எழுத வேண்டும்.

முகப்பூச்சு வாங்கினால் ரசீது கேளுங்கள். தயாரித்தவர் பெயரும் விலாசமும் இருக்கிறதா என்று பாருங்கள். என்.ஓ.டி. என்ற மூன்று எழுத்தில் தொடங்கும் அறிவிப்பு எண்ணைத் தேடுங்கள். அந்த எண் சரிதானா என்று சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பட்டியலில் பார்க்கலாம். உங்கள் பிள்ளைகள் செல்போனில் பார்த்துச் சொல்வார்கள். எண் இருந்தால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். அது விற்பவர் கொடுத்த அறிவிப்பு. அரசாங்கம் முன்கூட்டியே சோதித்துக் கொடுத்த நற்சாட்சியல்ல. எண் பெற்ற சரக்கிலும் பின்னால் பாதரசம் கண்டு எண்ணை ரத்துச் செய்திருக்கிறார்கள். உடம்பில் மாறுதல் கண்டால் உடனே நிறுத்துங்கள். டாக்டரிடம் போகும்போது டப்பாவையும் எடுத்துப் போங்கள். மிச்சம் இருப்பதைக் குப்பையில் எறியாமல், மூடி, பையில் கட்டி, பிள்ளைகள் கைபடாத இடத்தில் வையுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஒருவர் மறைப்பது அடுத்தவருக்குக் குழி.

அந்தப் பழைய நோட்டுப் புத்தகத்தை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறோம். இதோ, பத்தொன்பது பெயர்கள். பதினெட்டுப் பேருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை நடந்துவிட்டதா என்றால், இல்லை. பதினோரு பேர்தான் போனார்கள். மற்ற ஏழு பேர் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். பெயர் வாசிக்க மாட்டோம். கூட்டம் முடிந்ததும் ஆபீஸ் பின்வாசலில் நிற்போம். வண்டிக்கும் லீவுக்கும் ஏற்பாடு செய்வது எங்கள் பொறுப்பு.

இந்த நோட்டின் பின்பக்கத்தில் புதிதாகக் கோடு போட்டிருக்கிறோம். சரக்கின் பெயர், விற்றவர், தேதி, அறிவிப்பு எண், உள்ளே என்ன, உடம்பில் என்ன மாறுதல் என்று ஆறு பத்திகள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பவுடர், கிரீம், தைலம் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதுகிறோம். எழுதியதை நீங்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். இந்தப் புத்தகம் ஆபீஸ் மேசைக்குள் பூட்டிக் கிடக்காது. கிளைச் சங்கத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கும்.

அன்று நாங்கள் கீறாமல் விட்ட பத்தியை இன்று கீறிவிட்டோம். அதை நிரப்ப வேண்டியவர்கள் நீங்கள்.